வானத்தில் மாட்டிய கொக்கி

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறத் தொடங்கியதும் பேருந்தில் இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி தூங்கிவிடும். இன்னொரு கட்சி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு ஜன்னலோரம் இடம் கேட்கும். இந்த இரண்டாவது கட்சியின் அவஸ்தையில்தான் காரின் சஸ்பென்ஷன் பற்றிய அறிவியல் முழுக்க அடங்கியிருக்கிறது.

பள்ளத்தில் விழுந்து எழுகிற தடதடப்பு இடுப்பை நோகடிக்கும், ஆனால் குமட்டலைக் கொண்டுவராது. உட்கார்ந்திருக்கும் மனித உடலை நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆட்டினால் வயிறும் முதுகுத்தண்டும் மிகவும் சிரமப்படும். வாந்திக்குக் காரணமான ஆட்டம் வேறு. அது மிக மெதுவானது, ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒரு முறை வருவது. கப்பலில் போகிறவரைப் படுக்கவைப்பதும் அதே ஆட்டம்தான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நகரும். இருபது இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு வளைவு இடமும் வலமுமாக மாறி மாறி வந்தால், உடல் ஒரு முழு ஆட்டம் ஆடி முடிக்க ஐந்தாறு நொடி ஆகும். மலைப்பாதை போட்டவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பைக் குழப்புவதற்கு என்றே அளவெடுத்துப் போட்டதுபோல் அமைந்துவிட்டது பாதை.

ஆகவே சஸ்பென்ஷன் இரண்டு எதிரிகளோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. வேகமான தடதடப்பை விழுங்க அது மென்மையாக இருக்க வேண்டும். மெதுவான சாய்வையும் ஆட்டத்தையும் தடுக்க விறைப்பாக இருக்க வேண்டும். ஒரே ஸ்பிரிங்கிடம் இரண்டையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை மூட்டை ஏற்றிப் போகும் பிக்கப் வண்டியைப் பார்த்தால் இது புரியும். மூட்டையோடு மலையிறங்கும்போது நிதானமாகப் போகிற அதே வண்டி, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது சின்னக் கல்லுக்கும் துள்ளும். பின்சக்கரத்தின் மேல் இருக்கும் கமான்பட்டை முழுப் பாரத்தைத் தாங்குவதற்காக அடிக்கப்பட்டது. பாரம் பாதியானால் அதன் ஆட்டவேகம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். அதற்கு நடுவாந்திரம் என்பதே தெரியாது. ஆனால் அது நம்பகமானது. பட்டை முறிந்தால் மலையடிவாரத்திலேயே புதுப் பட்டை அடித்துப் போட்டுவிடுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஸ்பிரிங்கை மென்மையாகவே வைத்துவிட்டால் என்ன? இயற்பியல் இதற்கு ஒரு விலை கேட்கிறது. நொடிக்கு ஒரு முறை மட்டும் ஆடுகிற ஸ்பிரிங், காரின் எடையை ஏற்றியதும் சுமார் 25 சென்டிமீட்டர் அமுங்கும். இரண்டு நொடிக்கு ஒரு முறை ஆடும் அளவுக்கு மென்மை வேண்டுமென்றால் ஒரு மீட்டர் அமுங்க வேண்டும். அப்படி ஒரு காரைக் கட்ட முடியாது. கட்டினாலும் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கதவு தரையைத் தேய்க்கும். நூறு வருடமாகக் கார் செய்கிறவர்கள் எல்லாரும் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள்.

சுவரைத் தாண்ட 1974-இல் ஒரு விசித்திரமான யோசனை வந்தது. அமெரிக்கப் பொறியாளர் டீன் கார்னாப்பும் அவரோடு வேலை செய்தவர்களும் இப்படிக் கேட்டார்கள்: ஷாக் அப்சார்பரின் ஒரு முனை காரின் உடலில் இருக்கிறது, மறுமுனை குண்டும் குழியுமான சாலையில் உருளும் சக்கரத்தில் இருக்கிறது. சாலை ஆடினால் அந்த முனையும் ஆடத்தானே செய்யும்? அந்த முனையைச் சக்கரத்திலிருந்து கழற்றி, அசையாத வானத்தில் ஒரு கொக்கி போட்டு மாட்டினால்? கார் வானத்திலிருந்து தொங்கும். சக்கரங்கள் கீழே தம் பாட்டுக்கு மேடு பள்ளம் ஏறி இறங்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வானத்தில் கொக்கி போட முடியாது. ஆனால் கொக்கி இருந்திருந்தால் என்ன விசை கொடுத்திருக்குமோ அதைக் கணக்குப் போட முடியும். அந்த விசையை வேறு வழியில் கொடுத்துவிட்டால் போதும். இன்றைய விலையுயர்ந்த கார்களின் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குள் இந்த இல்லாத கொக்கி ஏதோ ஒரு வடிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த விசையைக் கொடுக்க இரண்டு வழி உண்டு. பழைய கார் வாங்குகிறவர்கள் குழம்புவதும், குழப்பப்படுவதும் இந்த இடத்தில்தான். முதல் வழியில் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை நொடிக்கு நொடி மாற்றுவார்கள். எண்ணெயில் இரும்புத்துகளைக் கலந்து, காந்தப்புலம் பாய்ச்சிச் சில மில்லிநொடிகளில் அதைக் கெட்டியாக்கும் வகை இதில் அழகானது. காடிலாக்கின் எக்ஸ்.எல்.ஆர். என்ற திறந்த காரில் அது இருந்தது. இந்த வகைக்கு ஆட்டத்தின் சக்தியைத் தின்ன மட்டும்தான் தெரியும்; தானாக எதையும் தள்ளத் தெரியாது. இது அரைச் செயல்பாட்டு சஸ்பென்ஷன். கெட்டுப்போனால் சாதாரண ஷாக் அப்சார்பர் கெட்டதுபோல்தான். செலவு மட்டும் பல மடங்கு.

இரண்டாவது வழி, சக்கரத்தையும் உடலையும் எதிரெதிராகத் தள்ளவும் இழுக்கவும் செய்வது. அதற்கு வெளியிலிருந்து சக்தி வேண்டும். உண்மையான ஆக்டிவ் சஸ்பென்ஷன் இதுதான். 1987 மொனாக்கோ கார்ப் பந்தயத்தில் அயர்ட்டன் சென்னா ஜெயித்த லோட்டஸ் 99டி-யில் இது இருந்தது. 1992-இல் இதே வசதியுள்ள வில்லியம்ஸ் காரில் ஏறி நைஜல் மான்செல் உலகப் பட்டம் வாங்கினார். 1994-க்குள் பந்தயத்தில் இதைத் தடை செய்துவிட்டார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர், ஸ்பீக்கர் புகழ் அமர் போஸ், 1980-இலேயே எண்ணெயே இல்லாமல் மின்மோட்டாரால் இதைச் செய்யும் வேலையில் இறங்கி, 2004-இல் காட்டினார். கார் தடையைத் தாண்டிக் குதித்தது, பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். கனமும் விலையும் அதிகம் என்று கார் கம்பெனிகள் வாங்கவில்லை.

கடையில் வாங்கக் கிடைத்ததில் பெரிய பெயர் மெர்சிடிஸின் ஆக்டிவ் பாடி கன்ட்ரோல், சுருக்கமாக ஏ.பி.சி. 1999-இல் சி.எல். காரில் வந்தது, 2001 முதல் 2011 வரை வந்த எஸ்.எல். என்ற திறந்த காரில் பலருக்கும் அறிமுகமானது. 16 நொடியில் கடினமான கூரையை மடித்து டிக்கிக்குள் போட்டுக்கொள்ளும் கார் அது. ஒவ்வொரு சக்கரத்திலும் சுருள் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு எண்ணெய்ச் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் சுற்றும்போது ஒரு பம்ப் 200 பார் வரை அழுத்தத்தில் எண்ணெய் அனுப்பும். கடலுக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் எண்பது மடங்குக்கும் மேல். 13 சென்சார்கள் உடலின் ஆட்டத்தையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் பத்து மில்லிநொடிக்கு ஒரு முறை புதுத் தகவல் வாங்கி, எந்த மூலையைத் தூக்க, எதைத் தாழ்த்த என்று முடிவு செய்யும். நொடிக்கு ஐந்து ஆட்டம் வரை சிலிண்டர்கள் சமாளிக்கும். அதைவிட வேகமான தடதடப்பை சாதாரண ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பார்த்துக்கொள்ளும். இரண்டு எதிரிகளுக்கும் தனித்தனி ஆள். வளைவில் சாய்வைத் தடுக்க மற்ற கார்களில் இருக்கும் குறுக்குக் கம்பி இதில் கிடையாது. கம்பியின் வேலையையும் எண்ணெயே செய்துவிடுகிறது.

திறந்த காருக்கு இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? செருப்பு வாங்கும் அட்டைப்பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். கூரை போனால் காரும் அப்படித்தான். அடிச்சட்டத்தை எவ்வளவு கனமாக்கினாலும், ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது கண்ணாடிச் சட்டமும் ஸ்டியரிங்கும் லேசாக நடுங்கும். நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளும் சஸ்பென்ஷன் அந்த முறுக்கலை உடலுக்கு வரவிடாமல் பெருமளவு தடுத்துவிடுகிறது.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பாதையில் அப்படி ஒரு காரை ஓட்டினால் முதல் சில வளைவுகளில் சிரிப்பு வரும். உடல் சாய மறுக்கும். ஆனால் எலுமிச்சம்பழக் கட்சிக்காரர் இதிலும் முழுதாகத் தப்ப முடியாது. கார் சாயாவிட்டாலும் வளைவு நம்மைப் பக்கவாட்டில் தள்ளத்தான் செய்யும். அந்தத் தள்ளலைக் குறைக்க வேண்டுமானால் கார் பைக்கைப்போல் வளைவின் உட்பக்கம் சாய வேண்டும். மெர்சிடிஸ் 2014-இல் எஸ் கிளாஸ் கூப்பேயில் அதையும் செய்தது, அதிகபட்சம் 2.65 டிகிரி. 2016-இல் எஸ்.எல். திறந்த காருக்கும் அந்த வசதி வந்தது.

இத்தனை சாமர்த்தியமும் இருபது வருடப் பழைய காரில் என்ன ஆகும்? பலரும் கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படுகிறார்கள். என் பார்வையில் கம்ப்யூட்டர் இதில் கடைசிக் குற்றவாளி. கெடுவது ரப்பரும் வாயுவும்.

எண்ணெய் அமுங்காது. ஆகவே பம்ப் அடிக்கிற ஒவ்வொரு துடிப்பும் குழாயில் சுத்தியல் அடிபோல் போய்ச் சேரும். அதை உள்வாங்க அங்கங்கே ஆக்யுமுலேட்டர்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு இரும்பு உருண்டை. நடுவில் ரப்பர் தோல். ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் நைட்ரஜன். வாயு அமுங்கித் துடிப்பை விழுங்கும். ஆனால் ரப்பர் வாயுவை முழுதாக அடைத்து வைக்கும் பொருள் அல்ல. நைட்ரஜன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக அதனூடே நழுவி எண்ணெய்ப் பக்கம் போய்விடும். வெப்பம் கூடினால் இது வேகமெடுக்கும். பத்து டிகிரி கூடினால் ரப்பர் கிழமாகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பொறியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்துக் கோடையில் எஞ்சின் மூடிக்குக் கீழே என்ன நடக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தக் கசிவு நடக்கும்.

வாயு போனதும் வரிசையாக விழும். துடிப்பை விழுங்க ஆள் இல்லை என்பதால் அடி முழுக்க ஹோஸ்களுக்குப் போகும். ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இடம் ஒருநாள் வெடிக்கும். எண்ணெய் சாலையில் கொட்டும். அதைக் கவனிக்காமல் எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்ப் வறண்டு தேயும். தேய்ந்த உலோகப் பொடி, எண்ணெயோடு சேர்ந்து, சிலிண்டர்களுக்கு எண்ணெயைப் பங்கிடும் வால்வ் பிளாக்குக்குள் போகும். அங்கே இடைவெளிகள் தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறியவை. ஒரு கீறல் விழுந்தாலும் வால்வ் முழுதாக மூடாது. வால்வ் கசிந்தால் ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் முழங்கால் போட்டு நிற்கும். இந்தக் கதையின் தொடக்கம் ஒரு உருண்டை. அதை நேரத்தில் மாற்றியிருந்தால் மிச்சம் எதுவும் நடந்திருக்காது. பழைய காரின் முந்தைய முதலாளி அதை மாற்றினாரா இல்லையா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது அப்புறம்.

இன்னும் சொல்லப்போனால், கிலோமீட்டர் குறைவு என்பது இந்த வகைக் காரில் பெருமையே இல்லை. திறந்த கார்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் கார்கள். ஷெட்டில் நிற்கும் நேரத்தில் ஆயில் சீல்கள் காய்ந்து இறுகும். பதினைந்து வருடத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய காரின் ரப்பருக்கு வயது பதினைந்துதான்.

எண்ணெயும் வாயுவும் சேர்ந்த சஸ்பென்ஷன் என்றாலே இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பிரான்ஸில் சிட்ரோயன் கம்பெனி 1955-இல் டி.எஸ். காரை அறிமுகப்படுத்தியது, கண்காட்சியின் முதல் நாளிலேயே 12,000 பேர் பதிவு செய்தார்கள். பால் மாஜெஸ் வடிவமைத்த அதன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கே கிடையாது. நைட்ரஜன் உருண்டைகளும் எண்ணெயும்தான். 1962-இல் பிரெஞ்சு அதிபர் சார்ல் டி கோல் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர்கள் துளைக்கப்பட்ட நிலையிலும் அவருடைய டி.எஸ். நிற்காமல் ஓடி அவரைக் காப்பாற்றியது. அது தானாக உயரத்தைச் சரிசெய்துகொள்ளுமே தவிர ஏ.பி.சி.போல் வளைவில் சாய்வை எதிர்த்துத் தள்ளாது. ஆனால் அதிலும் நைட்ரஜன் கசிந்தது, சீல்கள் கிழிந்தன. முதலில் பயன்படுத்திய சிவப்பு எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருப்பிடிக்க வைத்ததால், 1960களின் பிற்பாதியில் பச்சை நிறத் தாது எண்ணெய்க்கு மாறினார்கள். அதே காரின் திறந்த வடிவத்தை ஆன்ரி ஷாப்ரோன் பட்டறையில் கட்டினார்கள். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. காரணம் எளிது: உருண்டை திருகிக் கழற்றும் பாகம். கசிந்தால் கழற்றி வாயு நிரப்பி மாட்டலாம், அல்லது புதிது வாங்கலாம். அறுபது வருடம் ஆகியும் அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் பிரான்ஸில் இருக்கிறார்கள்.

நம் ஊரில் நிலைமை வேறு. மூன்று வருடத்துக்கு மேல் வயதான காரைச் சாதாரணமாக இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய விதி இடம் தருவதில்லை. ஆகவே இங்கே ஓடும் பழைய எஸ்.எல். கார்கள் புதிதாக வந்து இங்கேயே கிழமானவை, எண்ணிக்கையும் சொற்பம். சென்னை புதுப்பேட்டையில் கேட்டால் கிடைக்காத கார் பாகம் இல்லை என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உடைத்த காரிலிருந்து எடுத்த ஆக்யுமுலேட்டருக்கும் உங்கள் காரில் இருப்பதற்கும் ஒரே வயது. இரும்பைப் பழையதாக வாங்கலாம், ரப்பரை வாங்கக் கூடாது. கமான்பட்டைக்கும் இதற்கும் இதுதான் தூரம்.

ஜவ்வாது மலையிலேயே, ஆடாமல் தாங்குவதையே தொழிலாகக் கொண்ட இன்னொரு இயந்திரம் இருக்கிறது. காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 1972 முதல் ஒரு மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977 மார்ச்சில் உலகுக்குத் தெரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. பெரிய கண்ணாடியைச் சாய்த்தால் அது தன் எடையாலேயே வளையும். ஒளி அலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கு வளைந்தாலும் நட்சத்திரம் கலங்கிவிடும். பழைய பள்ளியின் தீர்வு, கண்ணாடியைத் தடிமனாக வார்த்து விறைப்பாக வைப்பது. சிலியில் ஐரோப்பியர்கள் 1989-இல் இயக்கிய 3.58 மீட்டர் தொலைநோக்கியில் வேறு வழி பிடித்தார்கள். 24 சென்டிமீட்டர் தடிமனே உள்ள மெல்லிய கண்ணாடி. அடியில் 75 தாங்கிகள். கம்ப்யூட்டர் நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பார்த்துத் தாங்கிகளின் விசையை மாற்றி வளைவைச் சரிசெய்யும். ஏ.பி.சி.யும் இந்தக் கண்ணாடியும் ஒரே குடும்பம். ஆனால் அந்தத் தாங்கிகளில் ஒன்று மக்கர் செய்தால் அன்றிரவே படத்தில் தெரிந்துவிடும், மறுநாள் பகலில் பொறியாளர் ஏணி போட்டு ஏறுவார். காரில் ஆக்யுமுலேட்டர் செத்துப்போனதை வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமல் ஓட்டலாம். எஞ்சியவை அதன் பாவத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கும்.

அந்தச் சுமையைக் காட்டிக்கொடுக்க மலைப்பாதையைப்போல் வேறு இடம் இல்லை. நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவ் போனால் எல்லாக் காரும் நல்ல கார்தான். பழைய எஸ்.எல். வாங்க நினைப்பவர், விற்பவர் சம்மதித்தால், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து "வார்ம் அப்" பண்ணி வைத்திருந்தால் அதையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு சக்கரங்களிலும் நடு அச்சிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்ததும் கார் சமமாக எழுகிறதா, ஒரு மூலை தாமதிக்கிறதா, பம்ப் முனகுகிறதா என்று பாருங்கள். எண்ணெய் பச்சையாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் பல வருடமாக மாற்றவில்லை என்று பொருள். கம்பெனியின் சோதனைக் கருவியை மாட்டினால் "ரோடியோ" என்று ஒரு வேலை உண்டு. எண்ணெய் மாற்றும்போது பழைய அழுக்கு வெளியேற, நின்ற இடத்திலேயே கார் மேலும் கீழும் குதித்து ஆடும். வேடிக்கை பார்ப்பதற்காக இல்லாவிட்டாலும், அந்த வேலை கடைசியாக எப்போது நடந்தது என்பதற்குப் பில் கேட்டு வாங்குங்கள்.

பிறகு மலையேறுங்கள். இடமும் வலமுமாக வளைவுகள் வரும்போது ஒவ்வொரு சிலிண்டரும் முழு வீச்சில் வேலை செய்யும், எண்ணெய் சூடாகும். சமவெளியில் ஒளிந்திருந்த கசிவு பெரும்பாலும் இறங்கும்போதுதான் வெளியே வரும். டாஷ்போர்டில் வெள்ளை எச்சரிக்கை வந்தால் ஒர்க்ஷாப்புக்குப் போகச் சொல்கிறது. சிவப்பில் வந்தால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், கீழே எண்ணெய் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கீழே போளூருக்கு வந்ததும் சமதரையில் நிறுத்திவிட்டு டேப்பை மறுபடி எடுங்கள். அன்று ராத்திரி முழுக்கக் காரை அங்கேயே விடச் சொல்லி, விடியற்காலை மூன்றாவது முறை அளங்கள். நான்கு மூலையும் சேர்ந்து கொஞ்சம் இறங்கியிருந்தால் கவலையில்லை. ஒரு மூலை மட்டும் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தால் வால்வ் பிளாக்கின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். இரண்டு மூலைகள் இறங்கியிருந்தால் காபி குடித்துவிட்டு பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பிவிடலாம்.